கோபக்காரக் காவல்காரர்

அடுப்பில் பால் வைத்திருக்கிறீர்கள். கூடத்தில் குழந்தை அழுகிறது. வாசலில் யாரோ மணியை அடிக்கிறார்கள். குழந்தையிடம் ஒரு கண், வாசலில் ஒரு கண் என்று இருந்தாலும், உங்கள் மனசு மட்டும் அடுப்பிலேயே இருக்கிறது. பால் பொங்கி வழிவதற்கு அரை நிமிஷம் இருக்கும்போது பாய்ந்து போய் இறக்கி வைத்துவிடுகிறீர்கள்.

இதற்காக வீட்டில் யாராவது உங்களைப் பாராட்டியது உண்டா? “ஆகா, இன்றைக்கும் பால் பொங்கவில்லையே! என்ன சாமர்த்தியம்!” என்று யாராவது சொன்னார்களா? மூச்சு விடமாட்டார்கள். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொங்கி வழிந்துவிடட்டும். “கவனமெல்லாம் எங்கே இருந்தது?” என்று ஆளுக்கு ஆள் கேட்டுவிடுவார்கள்.

கால்பந்து மைதானத்தில் பின்வரிசையில் நிற்கிறவருடைய பிழைப்பும் அச்சாக இதுதான். முன்னால் ஆடுகிறவர் ஒன்பது தடவை கோட்டை விட்டுப் பத்தாவது தடவை கோல் போட்டால், அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பின்னால் நிற்கிறவர் ஒன்பது தடவை தடுத்துப் பத்தாவது தடவை தவறினால், ஊரே அவரைத் தின்றுவிடும். ‘ஸ்டாப்பர்’ என்று அந்த ஆட்டக்காரருக்குப் பெயர். தடுப்பதுதான் அவர் வேலை.

“ஃபுட்பால் சமாசாரமா? அது பையன்கள் படிக்கிற விஷயம்” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்லப்போவது உண்மையில் ஒரு கோபத்தின் கதை. எதிரிகளையெல்லாம் தடுத்து நிறுத்திய ஒரு மனிதர், தமக்குள்ளே பொங்கிய ஒன்றைத் தடுக்கப் பட்ட பாட்டின் கதை. அவர் நம் நாட்டுக்கும் வந்து, ஐந்து வருஷம் நம் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனவர்.

பெயர் இகோர் ஸ்டிமாட்ஸ். நம் ஊர்ப் பத்திரிகைகளில் ‘ஸ்டிமாக்’ என்று படித்திருப்பீர்கள். அவருடைய ஊர்க்காரர்கள் கூப்பிடுகிறபடியே நாமும் கூப்பிடுவோம்.

ஆற்றங்கரை ஊர்ப் பையன்

ஐரோப்பாவில் ஏட்ரியாடிக் என்ற கடலுக்கு மேற்குக் கரையில் இத்தாலி இருக்கிறது அல்லவா? அதற்கு எதிர்க்கரையில் இருப்பது குரோஷியா. சின்னஞ்சிறு நாடு. ஜனத்தொகை நாற்பது லட்சத்துக்கும் குறைவு. அந்த நாட்டின் தெற்குக் கோடியில், நெரெத்வா என்ற ஆற்றின் கரையில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன ஒரு பள்ளத்தாக்கில் மெட்கோவிச் என்ற ஊர். அங்கே 1967-ஆம் வருஷம் செப்டம்பர் 6-ந் தேதி ஸ்டிமாட்ஸ் பிறந்தார்.

அந்நாளில் குரோஷியா தனி நாடு அல்ல. குரோஷியர், செர்பியர், ஸ்லோவேனியர், பொஸ்னியர், மாஸிடோனியர், மாண்டிநீக்ரோக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரே குடித்தனமாக இருந்தார்கள். யூகோஸ்லாவியா என்று அதற்குப் பெயர். குரோஷியர், செர்பியர் பாஷையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் குரோஷியர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். செர்பியர் கிழக்கத்திய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். பழைய மனஸ்தாபங்களும் நிறைய உண்டு. வெளியில் தெரியாமல் அடங்கியிருந்தன, அவ்வளவுதான்.

கடற்கரைப் பட்டணமான ஸ்ப்ளிட்டில், ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவர் கட்டிய அரண்மனைக்குள்ளேயே இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அந்த ஊரில் 1911-இல் ஆரம்பித்த கால்பந்துக் கழகம் ‘ஹைடுக்’. துருக்கியரை எதிர்த்து மலைகளில் ஒளிந்து போராடிய கொள்ளைக்காரர்களுக்கு அந்தப் பெயர். கழகத்தின் பெயரே இப்படி இருந்தால் அதில் ஆடுகிறவர்கள் எப்படி இருப்பார்கள்? நெட்டையாக, அகன்ற தோளோடு வந்த இந்தப் பையனை ஹைடுக் பின்வரிசையில் நிறுத்தியது. அவனுக்கும் அந்த இடம் பிடித்துப்போயிற்று.

1987-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், இருபது வயதுக்காரர்களுக்கான உலகக் கோப்பைப் போட்டி தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் நடந்தது. யூகோஸ்லாவியாவின் பையன்கள் குழு ஒன்று கப்பலேறாத குறையாக அவ்வளவு தூரம் போயிற்று. குரோஷியரும் செர்பியரும் மாண்டிநீக்ரோக்காரரும் கலந்த குழு. இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியோடு 1–1 என்று சமமாக நின்று, பெனால்டி உதைகளில் 5–4 என்று ஜெயித்தார்கள். பின்வரிசையில் ஸ்டிமாட்ஸ். அந்தப் போட்டிக்குப் போன குழுவில் போபான், ஷூக்கர், புரோசினெச்கி, மியாடோவிச் எல்லோரும் உண்டு. கால்பந்து தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மலருகிறது என்று!

ஒரே சட்டை, ஒரே கொடி, ஒரே கோப்பை. எல்லோரும் கட்டிக்கொண்டு அழுத அந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும், இன்னும் நாலே வருஷத்தில் அந்த நாடே இருக்கப்போவதில்லை என்று தோன்றியிருக்காது.

அந்த மே மாதம்

1991. கூட்டுக் குடித்தனம் உடைகிற நேரம். சமையலறையில் ஆரம்பித்த முணுமுணுப்பு கூடத்துக்கு வந்து, கூடத்திலிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. குரோஷியா பிரிந்துபோகத் தயாராகிக்கொண்டிருந்தது. குரோஷியாவுக்குள் இருந்த செர்பியர்களோ, “நாங்கள் உங்களோடு வரமாட்டோம்” என்றார்கள்.

மே 2-ந் தேதி, டான்யூப் நதிக்கரையில் போரோவோ ஸெலோ என்ற கிராமத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. குரோஷியப் போலீஸ்காரர் பன்னிரண்டு பேர் செத்தார்கள். நாடு முழுவதும் கொதித்தது.

அதற்குச் சரியாக ஆறாம் நாள், மே 8-ந் தேதி, செர்பியத் தலைநகரமான பெல்கிரேடில் யூகோஸ்லாவியக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஆடியவர்கள் யார் தெரியுமா? ஒரு பக்கம் குரோஷியாவின் ஹைடுக். மறு பக்கம் பெல்கிரேடின் ‘ரெட் ஸ்டார்’. வேண்டுமென்றே யாரோ தேடிப் பிடித்து எதிரும் புதிருமாக நிறுத்தியதுபோல் இல்லையா?

ரெட் ஸ்டார் சாதாரணக் குழு அல்ல. அதே மாதம் 29-ந் தேதி ஐரோப்பாவின் சாம்பியன் கோப்பையையே ஜெயிக்கப்போகிற குழு. அதில் சினிஷா மிஹைலோவிச் என்று இருபத்திரண்டு வயது வாலிபர் இருந்தார். இடது காலால் அவர் உதைத்தால் பந்து பாம்பு மாதிரி வளைந்து போகும்.

இந்த மிஹைலோவிச்சின் சொந்த விஷயத்தைக் கொஞ்சம் கேளுங்கள். தகப்பனார் செர்பியர், தாயார் குரோஷியர். வளர்ந்த ஊர் எது? அந்தப் போரோவோப் பக்கம்தான். பெற்றோர் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள். இரண்டு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் ஒரு வீடு. அந்த வீட்டில் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அந்தப் பிள்ளையின் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் சொல்லவேண்டுமா? ஸ்டிமாட்ஸ் பக்கம் மட்டும் என்ன? அவருடைய ஜனங்கள் பன்னிரண்டு பேரைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஆட்டம் நடந்தது. இரண்டாம் பாதியில் ஹைடுக்கின் போக்ஷிச் ஒரு கோல் போட்டார். பிறகு மிஹைலோவிச்சுக்கும் ஸ்டிமாட்ஸுக்கும் முட்டிக்கொண்டது. மோதலும் வாய்ச்சண்டையும் எல்லை மீறவே, ரெஃபரி இரண்டு பேருக்கும் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார். ஹைடுக் 1–0 என்று ஜெயித்துக் கோப்பையை ஸ்ப்ளிட்டுக்கு எடுத்துப் போயிற்று. ஒரு குரோஷியக் குழு ஆடிய கடைசி யூகோஸ்லாவியக் கோப்பை இறுதி ஆட்டம் அதுதான்.

அன்று மைதானத்தில் தன் குடும்பத்தைப் பற்றி, எந்தப் பிள்ளையும் பொறுக்க முடியாத ஒரு வார்த்தையை ஸ்டிமாட்ஸ் சொன்னதாகப் பின்னாளில் மிஹைலோவிச் பேட்டிகளில் சொல்லிவந்தார். அந்த வார்த்தையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது? கோபத்தில் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு வார்த்தை, இரண்டு மனிதர்களை இருபது வருஷத்துக்கு மேல் பிரித்து வைத்தது. அது தெரிந்தால் போதும்.

ஜூன் 25-ந் தேதி குரோஷியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. யுத்தம் மூண்டது. மிஹைலோவிச் பிறந்த வுகோவார் நகரம் மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு நவம்பர் 18-ந் தேதி விழுந்தபோது, முழுசாக நின்ற வீடு ஒன்றைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. மிஹைலோவிச்சின் வீடும் போயிற்று. 1995 வரையில் யுத்தம் ஓயவில்லை.

ஒரு சிவப்பு அட்டையின் விலை

ஸ்டிமாட்ஸ் ஸ்பெயினுக்குப் போய்க் காடிஸ் என்ற கழகத்தில் ஆடினார். திரும்பி வந்து ஹைடுக்குக்கு 1995-இல் லீகையும் கோப்பையையும் ஜெயித்துக் கொடுத்தார். அந்த வருஷக் கடைசியில் இங்கிலாந்தில் ‘டெர்பி கவுன்ட்டி’ என்ற கழகம் பதினைந்து லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்து அவரை வாங்கியது. டெர்பி அப்போது இரண்டாம் படியில் இருந்த குழு.

முதல் ஆட்டமே வேடிக்கை. டிரான்மியர் என்ற ஊரில் டெர்பி 5–1 என்று தோற்றது. பின்வரிசையைப் பலப்படுத்த வந்தவர் இருக்கும்போதே ஐந்து கோல்! ஆனால் டெர்பிக்கு விழுந்த அந்த ஒற்றைக் கோலைப் போட்டவரும் இந்தப் பின்வரிசைக்காரரேதான். “நல்ல ஆளைப் பிடித்தீர்கள், போங்கள்!” என்று ஊரார் சிரித்திருப்பார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை. அதன் பிறகு தொடர்ந்து இருபது ஆட்டங்களில் டெர்பி தோற்கவே இல்லை. 1996-இல் முதல் படியான பிரீமியர் லீகுக்கே ஏறிவிட்டது. புது மருமகள் முதல் நாள் சாம்பாரில் உப்பைக் கூடப் போட்டுவிட்டு, பிறகு வீட்டையே தூக்கி நிறுத்தியது போல!

அதே 1996-இல் புதிய குரோஷியா தன் சொந்தக் கொடியோடு முதன்முதலாக ஐரோப்பியப் போட்டிக்கு வந்தது. சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட சட்டை. கால் இறுதியில் ஜெர்மனியோடு மோதல். 1–1 என்று இருந்த சமயத்தில், 57-ஆவது நிமிஷத்தில், எதிரி ஆட்டக்காரரை முரட்டுத்தனமாகத் தடுத்ததற்காக ஸ்டிமாட்ஸுக்குச் சிவப்பு அட்டை. அவர் தலை குனிந்து வெளியே நடந்த இரண்டே நிமிஷத்தில், அவர் நிற்கவேண்டிய பின்வரிசையைக் கடந்து வந்து ஜெர்மனி கோல் போட்டது. 2–1 என்று குரோஷியா வெளியேறிற்று.

பெல்கிரேடில் கோபப்பட்டபோது அவர் குழு ஜெயித்துவிட்டது. அதனால் விலை தெரியவில்லை. இங்கே தெரிந்தது. காவல்காரன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் வீட்டை யார் காப்பது?

இரண்டு வருஷம் கழித்து, 1998-இல், பிரான்ஸில் உலகக் கோப்பை. சிலியில் சேர்ந்து ஜெயித்த பையன்களில் போபான், ஷூக்கர், புரோசினெச்கி, யார்னி, ஸ்டிமாட்ஸ் ஐவரும் இப்போது குரோஷியாவின் சட்டையில். கால் இறுதியில் மறுபடியும் அதே ஜெர்மனி! இந்தத் தடவை சிவப்பு அட்டை வாங்கியவர் ஜெர்மனியின் பின்வரிசைக்காரர். ஸ்டிமாட்ஸ் அசையாமல் நின்றார். 3–0 என்று குரோஷியா ஜெயித்தது. அரை இறுதியில் பிரான்ஸிடம் 2–1 என்று தோற்றாலும், ஹாலந்தை 2–1 என்று ஜெயித்து உலகத்திலேயே மூன்றாம் ஸ்தானம். யுத்தம் முடிந்து மூன்றே வருஷமான, உலகக் கோப்பைக்கு முதன்முதலாக வந்த நாடு! ஷூக்கர் ஆறு கோல் போட்டுத் தங்க பூட்ஸ் வாங்கினார். அவர் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பின்னால் நின்ற ஸ்டிமாட்ஸின் படம் எத்தனை பத்திரிகையில் வந்திருக்கும்? பால் பொங்காத கதைதான்.

நாட்டுக்காக 53 ஆட்டங்கள் ஆடினார். பிறகு லண்டனில் வெஸ்ட் ஹாம் கழகத்தில் இரண்டு வருஷம், மறுபடி ஹைடுக், 2002-இல் ஓய்வு. அப்புறம் பயிற்சியாளர் வேலை.

இரண்டு கைகள்

இனி கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம்.

2012-ஆம் வருஷம் ஸ்டிமாட்ஸ் குரோஷிய தேசியக் குழுவுக்குப் பயிற்சியாளர் ஆனார். அதே வருஷம் செர்பியக் குழுவுக்குப் பயிற்சியாளராக வந்தவர் யார் தெரியுமா? சினிஷா மிஹைலோவிச்! அது மட்டுமா? உலகக் கோப்பைத் தகுதிப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கியபோது குரோஷியாவும் செர்பியாவும் ஒரே பிரிவில் விழுந்திருந்தன. சினிமாவில் இப்படிக் கதை எழுதினால், “நம்பும்படியாக இல்லையே!” என்று நாம் குறை சொல்வோம்.

இரண்டு நாட்டிலும் பழைய புண்ணைக் கீறிப் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 1991-இல் நடந்ததைப் பத்திரிகைகள் மறுபடி மறுபடி எழுதின. இரண்டு பயிற்சியாளர்களும் ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும், மைதானம் பற்றிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் அதைத் தெரிந்துகொண்டார்கள். பழைய பகை முடிந்துவிட்டது என்று ஆட்டத்துக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னார்கள். எதிரிக் குழுவின் ரசிகர்களை உள்ளே விடுவதில்லை என்று இரண்டு ஊரிலும் ஏற்பாடாயிற்று.

2013 மார்ச் 22-ந் தேதி. குரோஷியத் தலைநகரம் ஸாக்ரெப். மக்ஸிமிர் மைதானத்தில் கூட்டம் கர்ஜிக்கிறது. ஆட்டம் தொடங்குமுன், நாற்பத்தைந்து வயது ஸ்டிமாட்ஸும் நாற்பத்து நாலு வயது மிஹைலோவிச்சும் எதிர் எதிரே வந்தார்கள். கை கொடுத்துக்கொண்டார்கள்.

அவ்வளவுதான். ஒரு சில விநாடி. ஆனால் அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷமும் ஒரு யுத்தமும் இருந்தன. மைதானம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் விரோதத்தைக் கத்திக்கொண்டிருக்கையில், விரோதத்துக்கு எல்லாரையும்விட அதிகக் காரணம் இருந்த இருவர் கை குலுக்கினார்கள்.

ஆட்டத்தில் மான்ட்ஸூகிச்சும் ஒலிச்சும் கோல் போட்டுக் குரோஷியா 2–0 என்று ஜெயித்தது. செப்டம்பர் 6-ந் தேதி, ஸ்டிமாட்ஸின் பிறந்த நாளன்று, பெல்கிரேடில் மறு ஆட்டம். 1–1 என்று சமம். அதிலும் ஒரு குரோஷியப் பின்வரிசைக்காரர் எதிரியை இடறிச் சிவப்பு அட்டை வாங்கினார். கோபம் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்! ஆனால் 1991-இல் வெளியேற்றப்பட்ட இருவரும் அன்று வரம்பு மீறவில்லை.

கை குலுக்கியதற்காக ஸ்டிமாட்ஸுக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. வருஷக் கடைசியில் குரோஷியா தொடர்ந்து சறுக்கியது. அக்டோபரில் ஸ்காட்லாந்திடம் 2–0 என்று தோற்றதும் அவர் பதவி போயிற்று. மிஹைலோவிச்சும் அடுத்த மாதம் செர்பியாவை விட்டார். 2019-இல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. இத்தாலியில் போலோன்யா குழுவுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே அதனோடு போராடினார். 2022 டிசம்பர் 16-ந் தேதி, ஐம்பத்து மூன்றாவது வயதில் காலமானார்.

2013-இல் அந்தக் கைகள் சேராமலே போயிருந்தால், அப்புறம் சேர்ப்பதற்குச் சந்தர்ப்பம் ஏது?

நம் வீட்டு வாசலில்

2019 மே மாதம் இந்தியக் கால்பந்துச் சங்கம் ஸ்டிமாட்ஸைப் பயிற்சியாளராக நியமித்தது. உலகக் கோப்பையில் மூன்றாம் ஸ்தானம் பெற்றவர் நம் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார்.

தாய்லாந்தில் நடந்த முதல் போட்டியிலேயே பல புது முகங்களை இறக்கினார். அவர்களில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ். முதல் ஆட்டம் குரசாவ் என்ற தீவு நாட்டோடு. 3–1 என்று தோல்வி. டெர்பியில் ஆரம்பித்த மாதிரியேதான். ஆனால் செப்டம்பர் 10-ந் தேதி கத்தார் நாட்டுத் தலைநகரான தோஹாவில், ஆசியாவின் சாம்பியனான கத்தாரை எதிர்த்து, காப்டன் சுனில் சேத்ரி உடல் நலமில்லாமல் ஆட முடியாத நிலையில், நம் குழு 0–0 என்று சமமாக முடித்தது. கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சுவர்போல நின்றார். ஒரு கோலும் போடாமல் இந்தியா கொண்டாடிய ஆட்டம் அது. தடுக்கிறவர்களுக்கும் ஒரு நாள் விடியும் என்பதற்கு அதுவே சாட்சி!

2021-இல் தெற்கு ஆசியக் கோப்பை வந்தது. 2022-இல் கல்கத்தாவில் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம். 2023-இல் மூன்று கோப்பைகள். அந்த ஜூலையில் உலக வரிசையில் இந்தியா முதல் நூறுக்குள், 99-ஆவதாக வந்தது.

சரி, மனிதர் முனிவராகிவிட்டாரா? அதுதான் இல்லை!

2023 ஜூன் 21-ந் தேதி பெங்களூரில் பாகிஸ்தானோடு ஆட்டம். இந்தியா 2–0 என்று முன்னால் இருக்கிறது. ஒரு பாகிஸ்தான் ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறியப்போகிறார். ரெஃபரியின் தீர்ப்பு தப்பு என்று நினைத்த ஸ்டிமாட்ஸ், ஐம்பத்தைந்து வயதில், பின்னாலிருந்து அந்தப் பந்தைத் தட்டிவிட்டார்! தள்ளுமுள்ளு, கூச்சல், சிவப்பு அட்டை. “என் பையன்களைக் காப்பாற்றத்தான் செய்தேன்; தேவையானால் மறுபடியும் செய்வேன்” என்கிற பாணியில் மறுநாள் எழுதினார். சொன்னபடியே ஆறாம் நாள் குவைத் ஆட்டத்திலும் ரெஃபரியோடு மல்லுக்கு நின்று வெளியேற்றப்பட்டார். அவர் போன சிறிது நேரத்துக்கெல்லாம் கடைசி நிமிஷத்தில் நம்மவர் காலிலேயே பட்டு நமக்கு எதிராகக் கோல் விழுந்தது. கையிலிருந்த வெற்றி சமமாயிற்று. 1996-இன் பழைய கணக்கு!

இறுதி ஆட்டத்தின்போது தடை விதிக்கப்பட்டிருந்ததால் அவர் பயிற்சியாளர் இடத்தில் நிற்க முடியவில்லை. குழுவை நடத்தியவர் உதவிப் பயிற்சியாளர் மகேஷ் காவ்லி. ஒரு காலத்தில் இந்தியாவின் பின்வரிசைக் காவல்காரராக இருந்தவர்; அமைதியான மனிதர். 1–1 என்று முடிந்து, பெனால்டி உதைகளில் 5–4 என்று இந்தியா கோப்பையை ஜெயித்தது. சிலியில் இருபது வயதில் எந்தக் கணக்கில் ஜெயித்தாரோ, அதே கணக்கு. அன்று மைதானத்துக்குள்ளே நின்றவர், இன்று வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

முடிவு சந்தோஷமாக இல்லை. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றோம். ஜூன் 11-ந் தேதி, எந்த தோஹாவில் பெருமையோடு ஆரம்பித்தாரோ அதே தோஹாவில், கத்தாரிடம் 2–1 என்று தோற்று உலகக் கோப்பை வாய்ப்பு போயிற்று. அதில் ஒரு கோலின்போது பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. உள்ளே இழுத்துப் போட்டார்கள். ரெஃபரி கோல் என்று சொல்லிவிட்டார். ஆறு நாளில் ஸ்டிமாட்ஸின் உத்தியோகமும் போயிற்று. பிறகு சம்பளத் தகராறு ஏற்பட்டு, நஷ்டஈடு கொடுத்துத் தீர்த்தார்கள்.

நமக்கு என்ன?

இந்த மனிதரை என்னவென்று சொல்வது? கோபத்தை ஜெயித்தவர் என்று சொன்னால் பெங்களூர் மைதானம் சிரிக்கும். ஜெயிக்காதவர் என்று சொன்னால் ஸாக்ரெபில் நீண்ட அந்தக் கை எதிரே வந்து நிற்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். கோபம் என்பது ஒரு தடவை இறக்கி வைத்தால் தீர்ந்துபோகிற பால் அல்ல. நாளைக்கும் அடுப்பு எரியும், நாளைக்கும் பொங்கும். சில நாள் நாம் ஏமாந்துவிடுவோம். சின்னக் கோபங்கள் வழிந்தால் துணியால் துடைத்துவிடலாம். ஸ்டிமாட்ஸும் பல தடவை அப்படித்தான் துடைத்துக்கொண்டார். ஆனால் வருஷக்கணக்காகச் சுண்டிச் சுண்டி அடிப்பிடித்துப் போன பெரிய கோபம் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறதே, அதைத்தான் எப்படியாவது இறக்கி வைத்தாக வேண்டும். ஸ்டிமாட்ஸ் அந்த ஒன்றை இறக்கி வைத்தார். மிஹைலோவிச்சும் இறக்கி வைத்தார். யார் முதலில் கையை நீட்டினார் என்று நான் ஆராயப் போவதில்லை. இரண்டு கையும் நீளாமல் குலுக்கல் ஏது?

உங்கள் உறவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். ஏதோ ஒரு கல்யாணத்தில், ஏதோ ஒரு வார்த்தை. அதிலிருந்து அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் போவதில்லை; உங்கள் வீட்டுக்கு அவர்கள் வருவதில்லை. சொன்ன வார்த்தை பாதி மறந்துகூடப் போயிருக்கும். மௌனம் மட்டும் மறக்கவில்லை. நடுவில் நம்மிடையே யுத்தமா நடந்தது? ஊரா எரிந்தது?

அவை இரண்டும் நடந்த பிறகே, ஒரு மார்ச் மாதத்து மைதானத்தில் இரண்டு பேர் கை கொடுத்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷம் கழித்து அவர்களில் ஒருவர் இல்லை.

டெலிபோன் பக்கத்தில்தானே இருக்கிறது? அடுப்பை அணைத்துவிட்டு வந்து பேசுங்கள்!